வரப்பின் கடைசியில் நின்றவர்கள்

ஐப்பசியில் நாலு நல்ல மழை விழுந்தால் போதும், கீழ்க்கட்டளை ஏரியின் கலங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கிவிடும். பகலில் அந்தச் சத்தம் காதில் விழாது. ராத்திரி, மேடவாக்கம் சாலையில் கடைசி பஸ்ஸும் போய் ஓய்ந்த பிறகு திண்ணையில் படுத்திருந்தால் கேட்கும். உலை கொதிப்பது போல அடங்கிய, விடாத சத்தம். ஆயா புரண்டு படுத்தபடியே சொல்வாள்: "நம்ம ஏரி ரொம்பிடுச்சி. இனிமே நாராயணபுரத்து ஏரி ரொம்பும்."

எங்கள் ஏரியின் மிகை நீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போகிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஆயா சொல்லித்தான் தெரியும். நம்ம தண்ணியை எதுக்கு அவங்களுக்கு விடணும் என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருடி விட்டா? ரொம்பினது வழியுது. அதுனால நம்ம ஏரி கொறஞ்சா பூடுச்சி? போய்ப் பாரு, தளும்பிக்கினு கீது."

அப்போது எனக்குப் பதினொரு வயது. நாட்டுப்பாடலுக்கும் பெரிய வாத்தியக் குழுவின் இசைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பின்னாளில் எவ்வளவோ படித்தேன். ஆயா சொன்ன இந்தப் பதிலைத் தாண்டி அதிக தூரம் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆயா நடவுக்குப் போனவள். 1980களின் நடுவிலும் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சை மிச்சமிருந்தது. மழை முடிந்து ஏரி நிறைந்து நிற்கும்போது நவரைப் பட்டம் வரும். தை மாதப் பனியில் பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றில். முதலடி எடுத்துக் கொடுப்பது எப்போதும் ஆயாதான். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

பள்ளி விடுமுறையில் நான் வரப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே சமயத்தில் வாங்க மாட்டார்கள். ஆயாவின் பக்கத்தில் நிற்பவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். வரிசையின் நடுவில் இருப்பவர்கள் அரை மூச்சு தள்ளி வருவார்கள். வரப்பின் கடைசியில் நிற்பவர்கள், நாற்று முடியைப் பிரித்து, புடவையைச் சொருகிக்கொண்டு, சாவகாசமாக வந்து சேர்வார்கள். அதற்குள் ஆயா அடுத்த அடியைத் தொடங்கியிருப்பாள். கொஞ்ச நேரம் ஒரே வயலில் பாட்டின் இரண்டு இடங்கள் சேர்ந்து ஒலிக்கும். முன்னது பின்னதன் மேல் படியும், ஆனாலும் இடிக்காது. தண்ணீரின் மேல் குனிந்து பாடுவதால் குரல்கள் தரையோடு தவழ்ந்து வரும். அது அழகு என்று சொல்ல அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கலவையைக் கேட்பதற்காகவே வரப்பைவிட்டு எழுந்திருக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை வாடகைக்கு விட்டிருந்தோம். அங்கே குடியிருந்தவர் சினிமாப் பாட்டுப் பதிவுகளில் வயலின் வாசிப்பவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சர்ச்சில் பாடல் வாசித்துக் கற்றுக்கொண்டவர். தெருவே அவரை வயலின் அண்ணன் என்று அழைத்தது. காலை 7 மணிக்குக் கால்ஷீட் என்றால் இருட்டோடு எழுந்து, கறுப்புப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலிகிராமத்துக்கு பஸ் மாறி மாறிப் போவார்.

சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஐந்து கோடுகள் போட்ட தாளில் இளையராஜா எந்த வாத்தியத்தையும் தொடாமல் நேராக எழுதிக்கொண்டே போவார். அதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து நகல் எடுப்பார்கள். முதல் வயலின்களுக்கு ஒரு தாள், இரண்டாம் வயலின்களுக்கு வேறு தாள், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அவரவர் கையில் இருப்பது அவரவர் பங்குதான். முழுப் பாட்டும் எப்படி இருக்கும் என்பது எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போதுதான் தெரியும். அன்றைய பதிவில் எல்லோரும் ஒரே கூடத்தில் ஒன்றாக வாசிக்க வேண்டும். யாராவது ஒருவர் பிசகினாலும் மொத்தப் பேரும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"நான் செகண்ட் வயலின், பாப்பா," என்றார் ஒருநாள். "பாட்டை நான் எடுக்க மாட்டேன். எடுத்தவங்களுக்குப் பதில் சொல்வேன்."

"அப்ப நீங்க வரப்புக் கடைசியா அண்ணா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நடவு வரிசையைப் பற்றி விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "பாட்டி பாடி நான் கேட்கணுமே," என்றார்.

1986இல் இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் ஒலிநாடா வெளிவந்தது. சினிமாவுக்காக இல்லாமல் அவர் செய்த வாத்திய இசை. தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கை. தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். வயலின் அண்ணன் ஒரு நாடாவை வாங்கி வந்து, எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டார். அவர் குரலில் இருந்த பெருமை, தன் தம்பிக்கு வேலை கிடைத்ததைச் சொல்லும் அண்ணனின் பெருமை போல இருந்தது. அதில் ஒரு பகுதி ஃபியூக் என்னும் வடிவத்தில் அமைந்தது. அண்ணன் விளக்கினார்: ஒரு வாத்தியம் தனியாக ஒரு மெட்டைச் சொல்லும். அது முடியும் இடத்தில் இன்னொன்று அதே மெட்டை வேறு சுருதியில் எடுக்கும். முதல் வாத்தியம் வாயை மூடாது. எடுத்தவனுக்கு எதிராக வேறொன்றைப் பாடிக்கொண்டிருக்கும். பிறகு மூன்றாவது வந்து சேரும், நாலாவதும் சேரும். ஐரோப்பாவில் 250 வருஷத்துக்கு முன்பே பாக் இதைக் கரைத்துக் குடித்தவர்.

ஆயா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சொன்னாள்: "இன்னா தம்பி, ஒருத்தி எடுக்கறா, மத்தவளுங்க தூரத்துலேருந்து ஒவ்வொருத்தியா வந்து சேர்றாளுங்க. நடவு தானே இது?"

அண்ணன் நாடாவை நிறுத்திவிட்டு ஆயாவையே பார்த்தார். அதைச் சொன்னவளுக்குப் பாக் யாரென்று தெரியாது. தியாகராஜரின் பெயரையும் அவள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. மெட்டு அவளுடையது இல்லை, ராகமும் அவளுடையது இல்லை. ஆனால் மனிதர்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டு, ஒருவர் மேல் ஒருவர் படிந்து பாடும் அந்த அமைப்பை அவள் உடம்பு அறிந்திருந்தது. அவள் இடுப்பு வலிக்க வலிக்க அறிந்தது அது.

அந்த வருஷம் கார்த்திகையில், ஆயாவின் பாட்டைப் பதிவு செய்தே தீர்வது என்று அண்ணன் முடிவு செய்தார். வெற்று நாடா வாங்கி வந்தார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்தோம். சிவப்புப் பொத்தானை நான் அழுத்தினேன். ஆயா தொண்டையைச் செருமினாள், இரண்டு அடி பாடினாள், நிறுத்திவிட்டாள்.

"வரல தம்பி."

"மறந்துபோச்சா பாட்டி?"

"எங்க மறக்கறது? தனியா பாடினா அது பாட்டா? நான் எடுத்துக் குடுத்துட்டு யார் வாங்குவான்னு பாத்துக்கினு கீறேன். யாரும் வாங்கல. அப்பறம் அடுத்த அடி எங்கேருந்து வரும்?"

நான் வாங்கிப் பார்த்தேன். என் குரல் அவளுக்குப் போதவில்லை. அப்போது அண்ணன் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தார். வில்லை முறுக்கினார். தெருவில் இறங்கி, விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் பத்துப் பதினைந்து அடி தள்ளிப் போய் நின்றார். "இப்ப எடுங்க, பாட்டி."

ஆயா எடுத்தாள். முதலடி முடிந்தது. அவர் உடனே வாசிக்கவில்லை. நாற்று முடி பிரிக்கிற நேரம், புடவை சொருகுகிற நேரம் வரைக்கும் காத்திருந்து, ஆயா அடுத்த அடிக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான் உள்ளே வந்தார். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. ஆயாவின் முகம் மாறியது. அவள் நிறுத்தவே இல்லை. நாடாவின் ஒரு பக்கம் முழுவதும், கிட்டத்தட்ட அரை மணி நேரம், பாடிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை குலவைகூட இட்டாள். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வந்து நின்றார்கள்.

கல்லூரிக் காலத்தில்தான் பேலா பார்டோக்கைப் பற்றிப் படித்தேன். 1904ஆம் வருஷக் கோடையில், திரான்சில்வேனியாவிலிருந்து வந்திருந்த லிடி தோசா என்ற இளம் தாதி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்குப் பாடியதை அவர் கேட்டார். நகரத்து மேடைகளில் அதுவரை கேட்டறியாத பாட்டு அது. அது அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அடுத்த சில வருஷங்களில் நண்பர் கோடாயுடன் சேர்ந்து, போனோகிராஃப் பெட்டியையும் மெழுகு உருளைகளையும் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போனார். ஹங்கேரியர்களோடு நிற்காமல் ஸ்லோவாக்கியர், ருமேனியர் பாட்டுகளையும் பதிந்தார். 1936இல் துருக்கி வரைக்கும் போனார். நாட்டுப்பாட்டை இசையமைப்பாளர் மூன்று வகையில் எடுத்தாளலாம் என்று 1931இல் அவர் எழுதினார். மெட்டை அப்படியே எடுத்துப் பக்கவாத்தியம் சேர்க்கலாம். அதே சாயலில் புது மெட்டுக் கட்டலாம். மூன்றாவது வகையில் மெட்டும் இருக்காது, சாயலும் இருக்காது. குடியானவர் இசை அந்த இசையமைப்பாளருக்குத் தாய்மொழி ஆகியிருக்கும், எதைப் பேசினாலும் அதில்தான் பேசுவார்.

அதைப் படித்தபோது எனக்குப் பண்ணைப்புரம் நினைவுக்கு வந்தது. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்து ஊர். இளையராஜாவின் தாய் சின்னத்தாயம்மாளிடம் பாட்டு இருந்தது. அண்ணன் பாவலர் வரதராசன் ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் பாடியபோது அவரோடு போன பையன் மண்ணின் மெட்டுகளை நடந்தே சேகரித்தார். அவருக்கு மெழுகு உருளை தேவைப்படவில்லை. சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் ஐரோப்பிய இசையின் எழுத்தையும் இலக்கணத்தையும் கற்றார். 1976இல் அன்னக்கிளி படம் வந்தது. 1985இல் சிந்து பைரவியில், தெம்மாங்குப் பெண்ணாகத் தொடங்கும் நாயகி, அதே மூச்சில் தியாகராஜர் கீர்த்தனைக்குள் நுழைந்துவிடுகிறாள். எங்கே தாண்டினாள் என்று கேட்பவருக்குத் தெரிவதில்லை. ஏனென்றால் அங்கே சுவர் எதுவும் இருக்கவில்லை.

2005இல் இளையராஜாவின் திருவாசகம் வெளிவந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது, நடத்தியவர் லாஸ்லோ கோவாக்ஸ். பார்டோக்கின் ஊர்க்காரர்கள் மாணிக்கவாசகரை வாசித்தார்கள். அந்தத் தொகுப்பில் திருப்பொற்சுண்ணமும் உண்டு. வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள் உலக்கை போட்டபடி பாடும் பாட்டின் வடிவம் அது. அம்மானை ஆடுகிறவர்கள், பூப்பறிக்கிறவர்கள், ஊஞ்சலாடுகிறவர்கள் பாடிய வடிவங்களையெல்லாம் மாணிக்கவாசகர் வாங்கித் தன் இறைவனுக்குக் கொடுத்தார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்து இளையராஜா அதை வாங்கி ஹங்கேரியர்களிடம் கொடுத்தார். உரலடியில் எடுத்த அடியைப் புடாபெஸ்டில் வாங்கினார்கள். வரப்பு அவ்வளவு நீளமானது என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

நாட்டுப்பாட்டை வயலின் கூட்டத்தில் போட்டால் அதன் உயிர் போய்விடும் என்று வருந்துகிறவர்களைச் சந்தித்திருக்கிறேன். அப்படிப் போட்டால்தான் அதற்கு மரியாதை என்று சொல்பவர்களையும் சந்தித்திருக்கிறேன். இரண்டையும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. உயர்த்திவிடும் அளவுக்கு அது தாழ்ந்து கிடக்கவில்லை. வாத்தியங்கள் தொட்டதால் குறைந்துபோகவும் இல்லை. உண்மையில் அதை ஏழையாக்கியது தனிக் குரலாகப் பிரித்து நிறுத்துவதுதான். ஆயா இரண்டே அடியில் அதைக் காட்டிவிட்டாள். பலர் சேர்ந்து பாடிய ஒன்றை எழுதி வைக்கும்போது நம் கையில் சிக்குவது முதலடி மட்டும். வாங்கிப் பாடியவர்களின் தாமதமும் மூச்சும் படிவும் ஏட்டில் ஏறுவதில்லை. நல்ல இசையமைப்பாளர் அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டிவருகிறார். இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று இன்று நாம் சொல்கிற இடங்களில் ஒரு காலத்தில் பெயர் தெரியாத பெண்கள் சேற்றில் நின்றார்கள்.

நிலத்தையும் இசைக் கூட்டத்தால்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது. செக் நாட்டு ஸ்மெதனா 1874இல் வல்தாவா நதியைப் பற்றி எழுதினார். இரண்டு சிறு ஊற்றுகளில் முதலாவதைப் புல்லாங்குழல்களுக்கும் இரண்டாவதைக் கிளாரினெட்டுகளுக்கும் கொடுத்தார். ஊற்றுகள் சேர்ந்து நதியாகும்போது வயலின்கள் வருகின்றன. கரையில் வேட்டை நடக்கிறது, குடியானவர் கல்யாணம் நடக்கிறது, நதி எல்லாவற்றையும் கடந்து போகிறது. அதை எழுதும்போது அவர் காது முற்றிலும் கேட்காமல் போயிருந்தது. அவர் மனதுக்குள் நதி ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் காது கேட்டுக்கொண்டே ஏரியை இழந்தோம். நஞ்சைகள் மனைகளாயின. பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை எங்கள் ஏரியையும் நாராயணபுரம் ஏரியையும் அறுத்துக்கொண்டு போனது. நடவு வரிசையில் நின்றவர்கள் வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் பிரிந்து போனார்கள். அங்கே வரிசை இல்லை, எடுத்துக் கொடுக்கவும் வாங்கவும் ஆள் இல்லை. பாட்டைக் கொண்டுபோனது வாத்தியக் குழு இல்லை. வயலைக் கொண்டுபோனது நாங்கள். எங்கள் குடும்பமும் அரைக் காணி விற்றது, அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன். இதை எழுதும்போது அந்தக் கடன் எனக்கு உறைக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. ரேடியல் சாலை ஆறானது. எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்காலுக்கு மேல் நின்றது. ஆயா அப்போது இல்லை. இருந்திருந்தால் தண்ணீரைத் திட்டியிருக்க மாட்டாள், நாராயணபுரத்துக்குப் போகிற வழியை மறித்தவர்களைத்தான் திட்டியிருப்பாள். கீழ்த்தட்டில் வைத்திருந்த நாடாக்கள் எல்லாம் ஊறிப்போயின. பீரோவின் மேல் ஒரு மஞ்சள் பைக்குள் கிடந்த ஒன்று தப்பியது.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் வேலியன்ட் சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியது. 81 வயதில் ஒரு கிராமத்துப் பிள்ளை அரங்கேற்றிய நாலு பகுதி கொண்ட சிம்பொனி. அந்த வாரம் தாம்பரத்துக்குப் போய் வயலின் அண்ணனைப் பார்த்தேன். மகன் வீட்டில் இருக்கிறார். விரல்கள் மடங்குவதில்லை, வயலின் சுவரில் தொங்குகிறது. லண்டன் செய்தியைப் பத்திரிகையில் வெட்டி வைத்திருந்தார். அதைக் காட்டிவிட்டு, "எத்தனை செகண்ட் வயலின் இருந்திருப்பாங்க, பாப்பா?" என்று கேட்டார். ஐம்பதைத் தொட்டுவிட்ட என்னை அவர் இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்.

நான் கைப்பேசியை எடுத்தேன். தப்பிய நாடாவை ஒரு கடையில் கொடுத்து மாற்றி வைத்திருந்தேன். அவருக்குச் சொல்லவில்லை. ஆயா தொண்டையைச் செருமினாள். முதலடி முடிந்தது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். 38 வருஷத்துக்கு முன்னாலிருந்து, தெருவிளக்குக்கு அப்பாலிருந்து, அவருடைய வயலின் மெல்ல வந்து சேர்ந்தது. பாட்டுக்கு நடுவே ஆயாவின் பேச்சுக் குரல் கேட்டது: "அப்பிடித்தான் தம்பி. கடைசியில நிக்கிறவ அப்பிடித்தான் வருவா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைச் சாய்த்து, கைப்பேசியைக் காதருகே வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து, பொத்தானை நான் அமுக்க மறந்திருந்த இடம் அது.

"பின்னாடி என்னவோ ஓடிக்கிட்டே இருக்கே. நாடா பழசாகி இரையுதா?"

முதலில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடைக்காரர் அதை இரைச்சல் என்று நீக்கித் தரட்டுமா என்று கேட்டபோது, இன்னொரு தடவை போட்டுக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"இல்லண்ணா," என்றேன். "அது கலங்கல். அந்த வருஷம் ஏரி நிறைஞ்சிருந்தது."

பதிவு தானாக நிற்கும்வரை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.